பழைய கேமிங் பிசி: முதலில் எதை மாற்றுவது?

ஆறேழு வருடம் ஓடிய கேமிங் பிசியை வைத்துக்கொண்டு "அடுத்து என்ன வாங்கலாம்?" என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: காசை எடுப்பதற்கு முன் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரைப் (எந்தப் பாகம் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று காட்டும் மென்பொருள்) போட்டு, நீங்கள் அதிகம் ஆடும் கேமை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். விசின்க்கையும் (கேமை மானிட்டரின் வேகத்துக்குக் கட்டிப்போடும் வசதி) எஃப்பிஎஸ் லிமிட்டையும் (நொடிக்கு எத்தனை படம் என்ற வரம்பு) அணைத்துவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் திணறுவது கார்டு. 60, 70-இல் கிடந்தும் கேம் விக்கி விக்கி ஓடினால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவர்): அண்ணா, 2018-இல் வாங்கிய பிசி. ஐ5-8400 பிராசசர், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக். விண்டோஸும் கேமும் ஹார்டு டிஸ்கில். மொத்தமாக ஒரு கார்டு வாங்கிவிடலாமா?

பதில்: கார்டு வாங்கத்தான் வேண்டும் தம்பி, ஆனால் அது மூன்றாவது. முதலில் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்). ஹார்டு டிஸ்க் நொடிக்கு 150 எம்பி கொடுத்தாலே பெரிய விஷயம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். சைபர்பங்க் 2077, ஸ்டார்ஃபீல்டு போன்றவை எஸ்எஸ்டி வேண்டும் என்று தேவைப் பட்டியலிலேயே போட்டுவிட்டன. திறந்த உலக கேம்களில் ஓடும்போது சட்டென்று உறைந்து நிற்பதற்குப் பல நேரம் ஹார்டு டிஸ்க்தான் காரணம்.

இரண்டாவது, இன்னொரு 8 ஜிபி ஸ்டிக். ஒரே ஸ்டிக் இருந்தால் ராம் ஒற்றைச் சேனலில் ஓடும், பிராசசருக்குத் தீனி பாதிதான் போய்ச் சேரும். இரண்டு ஸ்டிக்கையும் மதர்போர்டு புத்தகத்தில் சொன்ன ஸ்லாட்டுகளில் போடு. 2025 கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறிவிட்டதால், வேலை செய்கிற பழைய டிடிஆர்4 (உன் போர்டு ஏற்கும் ராம் வகை) ஸ்டிக் கிடைத்தாலும் தயங்காதே.

அப்புறம் கார்டு. 1080பி மானிட்டருக்கு ஆர்எக்ஸ் 6600 அல்லது ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி போதும். அதற்கு மேல் போனால் உன் ஆறு கோர் பிராசசர் ஈடுகொடுக்காது.

கேள்வி (திருச்சி): ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு. போன மாதம் 1060-ஐ எடுத்துவிட்டு 3060 போட்டேன். வேலரன்ட்டில் எஃப்பிஎஸ் ஏறவே இல்லை சார். கார்டில் கோளாறா?

பதில்: கார்டு நன்றாகத்தான் இருக்கும். வேலரன்ட் பிராசசரைத்தான் அதிகம் பிழிகிற கேம். காசு செலவாகாத இரண்டு வேலைகளை முதலில் செய்யுங்கள். பயாஸில் (பிசியின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் இடம்) எக்ஸ்எம்பி, அதாவது ராமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு, இயங்குகிறதா என்று பாருங்கள். 3200 என்று அட்டையில் போட்ட ராம், அதை இயக்காவிட்டால் 2133-இலோ 2400-இலோ ஓடிக்கொண்டிருக்கும், பழைய ரைசனுக்கு இது நன்றாகவே உறைக்கும். அடுத்து, 144 ஹெர்ட்ஸ் மானிட்டராக இருந்தால் விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் 144 தேர்வாகியிருக்கிறதா? வாங்கிய நாளிலிருந்து 60-லேயே வைத்து ஆடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவை இரண்டும் சரியாக இருந்தால் பிராசசரை மாற்றுங்கள். உங்கள் பி450 மாதிரி ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்களுக்குக் கொடுப்பினை இதுதான்: போர்டையும் ராமையும் தொடாமல் சில தலைமுறை தாண்டலாம். ரைசன் 5 5600 போதும். 5700எக்ஸ்3டி நியாயமான விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். உங்கள் 2600-இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 16 எம்பி, 5700எக்ஸ்3டி-இல் 96 எம்பி. வேலரன்ட் மாதிரி கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். கழற்றிய பிறகு நினைவு வந்தால், புதியதைப் போட்டாலும் திரையில் எதுவும் வராது. கரண்ட் போகிற நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், யுபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள்.

கேள்வி (மதுரை): எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) கேபினெட்டோடு வந்தது. 450 வாட் என்று எழுதியிருக்கிறது. 3060 போடலாமா?

பதில்: இதைக் கேட்டதற்கே நன்றி. கார்டுக்கு வருடக்கணக்கில் காசு சேர்க்கிறவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12 வோல்ட் வரிசையைப் படியுங்கள். கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் குடிப்பது அந்த வரிசையில்தான். என்னிடம் வந்த ஒரு 450 வாட் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 192 வாட். 3060 மட்டுமே 170 வாட் எடுக்கும், என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ்.

நானும் இதில் அடிபட்டவன். கேபினெட்டோடு இலவசமாக வந்த ஒன்றை நம்பிப் புதுக் கார்டு போட்டேன். மூன்றாவது வாரம் ஒரு சத்தம், கருகிய வாடை. எஸ்எம்பிஎஸ் போனதோடு நிற்கவில்லை, போர்டையும் நான்கு வருடப் படங்கள் இருந்த ஹார்டு டிஸ்கையும் கொண்டுபோய்விட்டது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: கார்டுக்கு முன் இதை மாற்றுங்கள். நல்ல பெயருள்ள கம்பெனியின் 550 அல்லது 650 வாட், ஐந்து வருட வாரன்டியோடு வாங்குங்கள். கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் 8 பின் கேபிள் இல்லையே என்று மோலெக்ஸ் (பழைய 4 பின் முனை) கன்வெர்ட்டர் மாட்டாதீர்கள். மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ் என்றால் பழையதன் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டிஸ்க் எரிந்துவிடும்.

கேள்வி (சேலம்): ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் அரை மணி ஆடினதும் கேம் மெதுவாகிவிடுகிறது. எதை மாற்றுவது?

பதில்: எதையும் மாற்றாதீர்கள், கேபினெட்டைத் திறங்கள். பிராசசர் ஃபேனைக் கழற்றி அதன் அடியில் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் ஃபேன் நன்றாகத்தான் சுற்றும். கீழே ஹீட் சிங்க்கின் தகடுகள்மேல் தூசி ஒரு சாம்பல் நிறக் கம்பளி மாதிரி படிந்து கிடக்கும். விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாகவே உரிந்து வரும். காற்று அதைத் தாண்டி இறங்க வழியே இல்லை. பல இன்டெல் பிராசசர்கள் 100 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உங்களுக்கு மெதுவாகத் தெரிவது அதுதான்.

புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே காய்ந்து கிடக்கும் தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதியது வையுங்கள், பட்டாணி அளவு போதும்.

கேள்வி (சென்னை): ஐ7-4790, 16 ஜிபி டிடிஆர்3. பெரிய கார்டு ஒன்று போட்டால் இன்னும் நான்கு வருடம் ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். அந்த போர்டில் இனி போடும் ராமும் பிராசசரும் வீண் செலவு. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அடுத்த பிசிக்கும் கூடவே வரக்கூடியவற்றை மட்டும் இப்போது வாங்குங்கள்: எஸ்எஸ்டி, நல்ல எஸ்எம்பிஎஸ், முடிந்தால் கார்டு. விலை குறைவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகாதீர்கள். அது போர்டோடு பேச நான்கு லேன் (தரவு போகும் பாதை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு, உங்கள் பழைய பிசிஐஇ 3.0 போர்டில் இன்னும் சுருங்கிவிடும்.

கேள்வி (அதே நண்பர்): ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கார்டு வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஓடவிட்டுப் பார்த்தபின். உங்கள் கேமை ஒரு பென்டிரைவில் கொண்டுபோய் இருபது நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளியோ கோடோ வந்தாலும், ஃபேன் கரகரத்தாலும், ஓட்டிக்காட்டத் தயங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.