பாதி ரோட்டுல நிக்கிற அம்மா

கேள்வி: எங்க அம்மாவுக்கு 72 வயசு. சிக்னல்ல பச்சை விழுந்தப்புறம்தான் இறங்குறாங்க, ஆனா பாதி ரோடு தாண்டுறதுக்குள்ள சிவப்பு வந்துடுது, எல்லாரும் ஹார்ன் அடிச்சு திட்டுறாங்க. இனிமே தனியா வெளிய போகவேண்டாம்னு சொல்லிட்டேன், சரிதானே?

பதில்: சரியில்லைங்க. அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. நிறைய ஊர்ல சிக்னலுக்கு டைம் வைக்கும்போது மனுஷன் செகண்டுக்கு 1.2 மீட்டர் நடப்பான்னு கணக்கு போடுறாங்க, வயசானவங்க பல பேருக்கு 0.8 மீட்டர்தான் வரும். 14 மீட்டர் அகல ரோடுன்னா முதல் கணக்குல 12 செகண்ட், அம்மா கணக்குல 17, 18 செகண்ட். அந்த அஞ்சாறு செகண்ட்தான் அவங்க பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வண்டிங்களுக்கு நடுவுல நிக்கிற நேரம். நினைச்சாலே பதறுது. வீட்டுல உக்கார வைக்காதீங்க, ஒரு நாள் வாட்சோட போய் பச்சை எத்தனை செகண்ட் இருக்கு, அம்மாவுக்கு எத்தனை ஆகுதுன்னு எண்ணி, அந்த நம்பரோட சிக்னலைப் பாத்துக்கிற அதிகாரிங்ககிட்ட எழுதிக் குடுங்க. பச்சை நேரத்தை கூட்டணும், இல்லன்னா நடு ரோட்டுல ஏறி நிக்க ஒரு திட்டாவது வேணும்னு கேளுங்க. நடை மேம்பாலம் கட்டித் தரோம்னா ஒத்துக்காதீங்க, முட்டி வலியோட அத்தனை படி யாரு ஏறுவா?

கேள்வி: ஜனங்க ஒழுங்கா பாத்து கிராஸ் பண்ணா போதாதா? தெருவுக்குள்ள மணிக்கு 30 கிலோமீட்டர்ல போங்கன்னு டிரைவர்களை ஏன் படுத்துறீங்க?

பதில்: நீங்க 50ல வர்றீங்க, பக்கத்துல ஒருத்தர் 30ல வர்றார், குறுக்க ஒரு குழந்தை ஓடி வருது. பாத்து பிரேக்ல கால் வைக்க ஒரு செகண்டாவது ஆகும். காஞ்ச ரோட்டுல அவர் சுமார் 13 மீட்டர்ல நின்னுடுவார், நீங்க அந்த ஒரு செகண்ட்லயே கிட்டத்தட்ட 14 மீட்டர் வந்திருப்பீங்க, அதாவது அவர் வண்டி நின்ன இடத்துல நீங்க இன்னும் பிரேக்கே மிதிக்கல, முழு 50ல மோதுவீங்க. அந்த மோதலோட சக்தி 30ல மோதுறதை விட ஏறக்குறைய மூணு மடங்கு. நார்வேல ஆஸ்லோ நகரம் வேகத்தை குறைச்சு, தெருவோர பார்க்கிங்கை எடுத்துது, 2019ல நடந்து போனவங்க ஒருத்தர்கூட அங்க ரோட்டுல சாகல. பார்க்கிங்க எதுக்கு எடுக்கணும்னு கேப்பீங்க, கிராசிங்க ஒட்டி வண்டி நின்னா அதுக்குப் பின்னாடி இருந்து வர்ற அஞ்சு வயசு குழந்தை உங்க கண்ணுக்கே தெரியாதுங்க.