எந்த மாசம், எந்த ஊரு? வேலூர் பக்கம் சுத்த வர்றவங்க கேட்ட கேள்விங்க

கேள்வி: அக்கா, மே மாச லீவுல நாங்க நாலு பேரு ஏலகிரி போலாம்னு இருக்கோம். ரூம் வாடகை கேட்டா தலை சுத்துது. கம்மி செலவுல போய்ட்டு வர வழி இருக்கா? (பெரம்பூர் வாசகி)

பதில்: இருக்கும்மா. ஆனா முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஏலகிரிய ஊட்டி மாதிரி நெனச்சுட்டு வராதீங்க. உயரம் சுமார் 1,100 மீட்டர் தான், மே மாசம் மத்தியானம் அங்கயும் வெயில் அடிக்கும், சாயங்காலத்துக்கு மேலயும் விடிகாலையும் தான் சுகமா இருக்கும். கீழ வேலூர்ல 40 டிகிரிக்கு மேல காயறப்போ அந்த சுகமே பெருசு தான், இல்லன்னு சொல்லல. அதுக்காக சனி ஞாயித்துல மேலயே ரூம் போட்டு பாதி சம்பளத்த குடுக்கணுமான்னு தான் கேக்கறேன்.

எங்க வீட்ல எப்பவும் செய்யறது இது. வாரநாள்ல கெளம்புவோம். சென்னைலருந்து பெங்களூரு, கோயம்புத்தூர் பக்கம் போற ரயிலுங்க நெறைய ஜோலார்பேட்டைல நிக்கும், அங்க எறங்கி திருப்பத்தூர் போய்ட்டா மலைக்கு பஸ் இருக்கு. தங்கணும்னா மேல தங்காம திருப்பத்தூர்லயே ஒரு சாதா லாட்ஜ்ல தங்கிக்கலாம், வாடகைல நல்ல வித்தியாசம் தெரியும். பொன்னேரில மலை ரோடு ஆரம்பிக்குது, மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வச்சிருக்காங்க, பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், அவ்வையார்னு புலவருங்க பேரு பாதி, பாரி, காரி, ஓரி, பேகன்னு கடையெழு வள்ளலுங்க பேரு பாதி. பசங்கள ஜன்னலோரம் உக்கார வச்சு போர்டு படிக்க சொல்லுங்க, மலை ஏறி முடிக்கறதுக்குள்ள ஏழு வள்ளலும் மனப்பாடம் ஆயிடும். மேல புங்கனூர் ஏரில படகு, சுவாமிமலை மேல ஒரு நடை, அவ்ளோ தான், ஒரு நாள் தாராளமா போதும்.

லீவு தான் கட்டாயம்னு இல்லன்னா ஆவணி, புரட்டாசில வாங்க. கூட்டம் இருக்காது, சீத்தாப்பழ சீசன் வேற, கூடை கூடையா மலைலருந்து எறங்கும். ஜலகம்பாறை அருவி பார்க்கணும்னா ஐப்பசி மழை பேஞ்சப்பறம் தான், மே மாசம் போய் வெறும் பாறைய பார்த்துட்டு வந்து அழுதவங்க எனக்கு தெரிஞ்சே ரெண்டு குடும்பம்.

கேள்வி: குடியாத்தம் சிரசு திருவிழா ரொம்ப விசேஷம்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். எப்போ வரணும், எங்க நிக்கணும்? (ஓசூர் வாசகர்)

பதில்: இத கேட்டதுக்கு உங்களுக்கு நன்றி சார், ஏன்னா இந்த திருவிழாவ பத்தி எங்க ஜில்லாவ தாண்டினா நெறைய பேருக்கு தெரியறதில்ல. வருஷா வருஷம் வைகாசி ஒண்ணாம் தேதி, அதாவது மே மாசம் நடுவுல வரும், கெங்கையம்மன் சிரசு. அம்மனோட தலை, தலை மட்டும், தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயில்லருந்து விடிகாலைல கெளம்பும், மாலையும் பூவுமா தெருத்தெருவா வந்து கோபாலபுரம் கெங்கையம்மன் கோயில்ல இருக்கற உடம்புல போய் பொருத்துவாங்க. அந்த பொருத்தற நேரத்துல கூட்டம் மொத்தமும் ஒரே குரலா எழும்பும் பாருங்க, அத கேட்டவங்களுக்கு மறக்காது. வழி நெடுக சூறைத்தேங்கா விடுவாங்க, தேங்கா எங்கருந்து வந்து எங்க விழும்னு தெரியாது, அதனால சின்ன கொழந்தைங்கள தூக்கிட்டு ஊர்வலத்து முன்னாடி போய் நிக்காதீங்க, தயவு செஞ்சு சொல்றேன்.

கதை ரேணுகாதேவி கதை தான். ஜமதக்னி முனிவர் சொல்ல மகன் பரசுராமரே தாயோட தலைய வெட்டறாரு, அப்பறம் வரம் வாங்கி உயிர் குடுக்கறப்போ அவசரத்துல தலையும் உடம்பும் மாறிப்போவுது, கூட வெட்டுப்பட்ட இன்னொரு பொண்ணோட உடம்புல அம்மனோட தலை. எங்க பாட்டி இந்த கதைய சொல்றப்போ ஒவ்வொரு தடவையும் தலை மாறின எடத்துல நிறுத்திட்டு, "ரெண்டு சாதிக்காரியும் ஒரே சாமி ஆயிட்டாங்க பாரு"ன்னு சொல்லும். சின்ன வயசுல அது புரியல.

முதல் நாள் ராத்திரியே வந்துடறது நல்லது, காலைல ரோடெல்லாம் மறிச்சுடுவாங்க. குடியாத்தம் ரயில்வே ஸ்டேஷன் ஊருக்கு வெளியில இருக்கு, அதனால வேலூர், காட்பாடிலருந்து பஸ்ல வர்றதே லேசு. சாப்பாட்டுக்கு கவலையே வேணாம், அன்னிக்கு தெருவுக்கு தெரு மோர், பானகம், கூழ்னு ஊத்துவாங்க, காசு வாங்க மாட்டாங்க, ஒரு சொம்பு எடுத்துட்டு வாங்க போதும். திரும்பறப்போ ஒரு லுங்கி வாங்கிட்டு போங்க, குடியாத்தம் கைத்தறி லுங்கி பேர் போனது. அன்னிக்கு கடை தெறக்கலன்னா மறுநாள்.

கேள்வி: பெங்களூரு ஹைவேல ஆம்பூர் பிரியாணின்னு பத்து போர்டு பார்த்தேன், ரெண்டு கடைல சாப்ட்டேன், ரெண்டும் ரெண்டு ருசி. எது நெஜம்? (மடிப்பாக்கம் வாசகர்)

பதில்: கடை பேரு சொல்ல மாட்டேன் தம்பி, ஆனா எப்படி கண்டுபிடிக்கறதுன்னு சொல்லித்தரேன், அது தான் காலத்துக்கும் உதவும். முதல்ல அரிசி. சீரக சம்பா தான், நீள நீளமா பாஸ்மதி இருந்தா அது வேற ஊரு பிரியாணி. ரெண்டாவது காரம், காஞ்ச மொளகாய ஊற வச்சு அரைச்சு போடறது, அதனால தான் அந்த செவப்பு, மொளகாத்தூள் போட்டா அந்த வாசன வராது. கரம் மசாலா கொஞ்சமா தான் விழும், மூக்குல ஏலக்காயும் பட்டையும் மட்டும் அடிச்சா சந்தேகப்படுங்க. அரிசிய தனியா முக்கால் பதம் வேகவச்சு வடிச்சு, கறி மசாலால சேர்த்து, மூடி மேல நெருப்பு போட்டு தம்ல விடுவாங்க. வெறகடுப்புல செஞ்சதா இருந்தா தட்டு வர்றதுக்கு முன்னாடியே தெரியும்.

அப்பறம் முக்கியமா, பக்கத்துல என்ன வருதுன்னு பாருங்க. தயிர் பச்சடியும் புளிப்பா ஒரு எண்ணெ கத்திரிக்காயும் வரணும், சால்னா ஊத்தினா எனக்கு மனசு ஒப்பாது. கத்திரிக்கான்னதும் சொல்லணும், எங்க வேலூர் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சிருக்கு. காம்புல முள்ளு குத்தும், ஆனா வெந்தா வெண்ணெய் மாதிரி. சந்தைல பார்த்தா விடாதீங்க, அரை கிலோ வாங்கி வீட்ல சும்மா எண்ணெல வதக்கி பாருங்க, அதுக்கப்பறம் வேற கத்திரிக்கா எறங்காது.

நேரமும் முக்கியம். ஹைவேல நிக்காம ஊருக்குள்ள வாங்க, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு முதல் அண்டா தெறக்கறப்போ உக்காருங்க. ராத்திரி எட்டு மணிக்கு மிச்சத்த சாப்ட்டுட்டு ஆம்பூர குத்தம் சொல்லக்கூடாது. இன்னும் வயித்துல எடம் இருந்தா ஆற்காட்டுல எறங்கி மக்கன் பேடா. பார்க்க தட்டையான குலாப் ஜாமூன் மாதிரி தெரியும், ஆனா உள்ள பருப்பு வகையெல்லாம் வச்சு பாகுல ஊறினது, வாய்ல போட்டா மெல்ல வேண்டியதே இல்ல. நவாபு காலத்து பலகாரம்னு ஊர்ல சொல்லுவாங்க. அப்படியே டெல்லி கேட்டையும் பார்த்துடுங்க, 1751ல கிளைவ் ஆற்காட்டு கோட்டைய பிடிச்சு முற்றுகைய தாங்கி நின்னாரே, அந்த கோட்டைல இப்போ நிக்கறது இந்த வாசல் தான், பாலாத்தங்கரையோரம்.

கேள்வி: அமிர்தி கொழந்தைங்களுக்கு நல்லா இருக்குமா? (ராணிப்பேட்டை வாசகி)

பதில்: இருக்கும். வேலூர்லருந்து 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலை அடிவாரம், சின்ன மிருகக்காட்சி சாலை, மான், பறவைங்க, நல்ல நெழல். அருவி மழை காலத்துல மட்டும். கட்டுசாதம் எடுத்துட்டு போங்க, புளிசாதம் போதும், எலைய அங்கயே போட்டுட்டு வராதீங்க.

கேள்வி: நாங்க மூணு பேரு, காலேஜ் பசங்க, பைக்ல ஜவ்வாது மலை போலாம்னு இருக்கோம். காவலூர்ல நட்சத்திரம் காட்டுவாங்களா? பீமன் அருவியும் பார்க்கணும். (வாணியம்பாடி வாசகர்)

பதில்: ரெண்டும் ஒரே மாசத்துல கெடைக்காது கண்ணுங்களா. அருவில தண்ணி விழணும்னா மழை வேணும், நட்சத்திரம் தெரியணும்னா மேகம் இருக்கக்கூடாது. தை, மாசி, பங்குனில வானம் தெளிவா இருக்கும், கார்த்திகைல அருவி நல்லா இருக்கும். எது வேணும்னு முடிவு பண்ணிட்டு கெளம்புங்க, நான்னா வானத்த தான் சொல்லுவேன்.

காவலூர் வைணு பாப்பு வானாய்வகம், ஆலங்காயம் வழியா மேல ஏறணும். 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986லருந்து ஓடுது. 1988ல இங்கருந்து கண்டுபிடிச்ச ஒரு சின்ன கோளுக்கு நம்ம கணித மேதை ராமானுஜன் பேர வச்சாங்க. பொதுமக்களுக்கு சனிக்கிழமை தான், அதையும் கெளம்பறதுக்கு முன்னாடி அவங்க வலைத்தளத்துல ஒரு தடவ பார்த்துக்கோங்க. பெரிய தொலைநோக்கில கண்ண வச்சு பார்க்கலாம்னு ஆசையோட போகாதீங்க, அது ஆராய்ச்சிக்கு. ஆனா அந்த இருட்டு இருக்கே, டவுன்ல பொறந்து வளந்தவங்க அந்த மாதிரி வானத்த பார்த்திருக்க மாட்டீங்க. ராத்திரி ஹெட்லைட்ட தேவையில்லாம அடிக்காதீங்க, அங்க வெளிச்சமே பகை.

மலைல ஜமுனாமரத்தூர் தான் கொஞ்சம் பெரிய ஊரு, பெட்ரோல் கீழயே போட்டுக்கோங்க, கைல காசு வச்சுக்கோங்க. அங்க மலையாளி பழங்குடி மக்கள் (கேரளாக்காரங்க இல்ல, மலைல வாழறவங்க) வெளைவிக்கற சாமை, அப்பறம் தேன், புளி, சீசன்ல பலா, இதெல்லாம் அவங்க கிட்டயே நேரா வாங்குங்க. பேரம் பேசாதீங்க, இத கெஞ்சி கேக்கறேன். மலைல ஏர் ஓட்டி சாமை எடுக்கறது எவ்ளோ கஷ்டம்னு ஒரு தடவ பார்த்தா கேக்கற வெலைக்கு மேல குடுத்துட்டு வருவீங்க. சாமை சோத்துக்கு மொச்சக்கொட்டை கொழம்பு ஊத்தி யாராவது குடுத்தா வேணாம்னு சொல்லிடாதீங்க.

கேள்வி: பொங்கலுக்கு அம்மா வீட்டுக்கு வரேன். பையன் மாடு விடற திருவிழா பார்க்கணும்னு அடம் பிடிக்கறான், எட்டு வயசு. கூட்டிட்டு போலாமா? (மும்பை வாசகி)

பதில்: கூட்டிட்டு போங்க, ஆனா தெருவுல நிக்காதீங்க. நம்ம பக்கம் மதுரை மாதிரி மாட்ட பிடிக்கறது கெடையாது, ரெண்டு பக்கமும் தடுப்பு கட்டின தெருவுல ஒவ்வொரு காளையா அவுத்து விடுவாங்க, குறிச்ச தூரத்த எது சீக்கிரம் ஓடி கடக்குதோ அதுக்கு பரிசு. மாடு எந்த பக்கம் திரும்பும்னு மாட்டுக்காரனுக்கே தெரியாது. தெருவுல இருக்கற வீட்டுக்காரங்கள கேட்டு மொட்டை மாடிக்கு ஏறிடுங்க, யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க, காபியும் குடுப்பாங்க. தை முடிஞ்சும் ஊர் ஊரா நடக்கும், அதனால பொங்கலன்னிக்கே பார்க்கணும்னு ஓட வேணாம்.

கேள்வி: அப்பாவ ட்ரீட்மென்ட்டுக்கு வேலூர் கூட்டிட்டு வந்திருக்கேன். ரிப்போர்ட் வர ரெண்டு நாள் ஆகும்னு சொல்லிட்டாங்க. லாட்ஜ் ரூம்ல சுவத்த பார்த்துட்டு உக்கார முடியல. அவரால ரொம்ப நடக்க முடியாது, எங்களுக்கு செலவும் அதிகம் பண்ண முடியாது. எங்க போலாம்? (தென்காசி வாசகி)

பதில்: உங்க கடுதாசிய ரெண்டு தடவ படிச்சேன்மா. எங்க ஊருக்கு வர்றவங்க எத்தன பேரு இப்படி காத்துட்டு இருக்கறத தெனமும் பஸ் ஸ்டாண்டுல பார்க்கறேன், கைல ஃபைலும் மூஞ்சில தூக்கமில்லாமயும்.

தங்கக்கோயில் போங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அழகு தான், ஆனா அங்க நட்சத்திர வடிவ பாதைல ரொம்ப தூரம் நடக்கணும், அப்பாவுக்கு இப்போ வேணாம். கோட்டைக்கு கூட்டிட்டு போங்க. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல, வெயில் தாழ்ந்தப்பறம். டிக்கெட் கெடையாது, உள்ள தரை சமமா இருக்கும், ஆட்டோக்காரர் கிட்ட அப்பாவால நடக்க முடியாதுன்னு சொன்னா எவ்ளோ கிட்ட முடியுமோ அவ்ளோ கிட்ட விடுவார். அகழில தண்ணி நிக்கும், காத்து வரும், அதுக்கே பாதி களைப்பு போகும்.

உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில். நுழைஞ்சதும் எடது பக்கம் கல்யாண மண்டபம், தூணுங்கள்ல யாளியும் குதிரை வீரனும் கல்லுல பாயற மாதிரி நிக்கும், அப்பாவ அங்கயே ஒரு படில உக்கார வச்சிடுங்க, உக்காந்த எடத்துலருந்தே எல்லாம் பார்க்கலாம். இந்த கோயில்ல பல காலம் மூலவரே இல்ல தெரியுமா, பூஜையே நின்னு போய் கெடந்துச்சு, 1981ல தான் சத்துவாச்சாரில வச்சிருந்த லிங்கத்த கொண்டாந்து மறுபடி வச்சாங்க. எங்கம்மா அந்த நாள பத்தி இன்னிக்கும் சொல்லும், ஊரே தெருவுல நின்னுச்சாம். 1806 ஜூலை 10ம் தேதி விடியறதுக்கு முன்னாடி சிப்பாய்ங்க வெள்ளைக்காரங்கள எதிர்த்து எழும்பினதும் இதே கோட்டைக்குள்ள தான், அப்பாவுக்கு சரித்திரம் பிடிக்கும்னா சொல்லுங்க, பேச்சு கொஞ்ச நேரம் வேற பக்கம் போகட்டும்.

மறுநாள் அவருக்கு தெம்பு இருந்தா விரிஞ்சிபுரம், பெங்களூரு ரோட்டுல கிட்ட தான், மார்க்கபந்தீஸ்வரர் கோயில், நெழல வச்சு நேரம் பார்க்கற கல்லு ஒண்ணு அங்க இருக்கு. அரசு சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, உங்களுக்கு செலவு மிச்சம். கார்த்திகை கடைசி ஞாயித்துக்கெழம மட்டும் போயிடாதீங்க, கொழந்தை வரம் கேட்டு முதல் நாள் ராத்திரிலருந்தே கூட்டம் நெரியும்.

சாப்பாட்டுக்கு பெரிய ஓட்டல் வேணாம். காலைல தள்ளுவண்டில கேழ்வரகு கூழ் விப்பாங்க, மோர் ஊத்தி சின்ன வெங்காயம் கடிச்சுக்கலாம், டாக்டர் சாப்பிடலாம்னு சொல்லியிருந்தா அப்பாவுக்கு ஒரு சொம்பு வாங்கி குடுங்க. கோட்டைலருந்து கெளம்பறப்போ ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக்கோங்க, அகழி ஓரமா ரெண்டு பேரும் உக்காந்து சாப்டுட்டு மெதுவா ரூமுக்கு போங்க. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்க.