155 சிசியில் ஹாட் யாய் வரை: ஸ்கூட்டர் கேள்வி-பதில்

கே: சிங்கப்பூரின் 2பி உரிமம் (200 சிசி வரை), 155 சிசி ஸ்கூட்டர். தென் தாய்லாந்தின் ஹாட் யாய் வரை போக எஞ்சின் தாங்குமா? (யீஷூன் வாசகர்)

தாராளமாகத் தாங்கும். ஜொகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஹீத்தாம் வரை வடக்கு-தெற்கு விரைவுச்சாலை 772 கிலோமீட்டர். இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டு 80, 90 வேகத்தில் போனால் ரேடியேட்டர் உள்ள 155 சிசி எஞ்சினுக்கு அது பெரிய வேலையே இல்லை. மோட்டார்சைக்கிளுக்கு அந்தச் சாலையில் டோலும் கிடையாது. சட்டம் 110 வரை விடுகிறதே என்று திராட்டலை முழுக்க முறுக்கிப் பிடித்தபடி மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள். எஞ்சின் பொறுத்துக்கொண்டாலும், அதன் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கடத்தும் பெல்ட் பொறுக்காது. வழியில் ஸ்கூட்டரை நிறுத்துபவை பெரும்பாலும் பெல்ட், பின் டயர், பேட்டரி, இல்லையென்றால் எல்லையில் கேட்கும் ஒரு காகிதம்.

கே: 19,000 கி.மீ. ஓடிவிட்டது. புறப்படும்போது வண்டி உதறுகிறது. பெல்ட்டை இப்போதே மாற்ற வேண்டுமா, திரும்பி வந்து மாற்றலாமா? (புக்கிட் பாத்தோக் வாசகர்)

போவதற்கு முன்பே மாற்றுங்கள். பல மாடல்களுக்கு 20,000 முதல் 25,000 கி.மீட்டருக்குள் பெல்ட் மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் இறுதி. பயணமே போகவர 1,600 கிலோமீட்டருக்குக் குறையாது என்னும்போது 19,000-ல் புறப்படுவது கெடு முடியும் நாளில் கிளம்புவது போலத்தான்.

ஆனால் உதறலுக்குக் காரணம் பெல்ட்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் உதறினால், கிளட்ச் ஷூவும் அதன் மூடியும் சூட்டில் கண்ணாடி போல வழவழப்பாகியிருக்கும், அல்லது தூசு படிந்திருக்கும். எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்திருக்கலாம். நடு வேகத்தில் விட்டுவிட்டு இழுத்தால், வேகத்துக்கேற்ப பெல்ட்டை நகர்த்தும் சிறு உருளைகளான ரோலர்களைப் பாருங்கள்: உருண்டையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். பட்டறையில் பெல்ட் அறையின் மூடியைக் கழற்றும்போது மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். எப்படியும் கூலி ஒரே தடவைதான். ரோலர் செட்டையும் சேர்த்து மாற்றிவிடுவது லாபம். பெல்ட் அறைக்குத் தனி ஃபில்டர் உள்ள வண்டி என்றால் அதையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அது அடைத்தால் உள்ளே சூடு ஏறும். கீச்சென்று சத்தம் வருகிறதே என்று பெல்ட்டில் எண்ணெயோ கிரீஸோ தடவினால் அடுத்த கிலோமீட்டரிலேயே வழுக்கும்.

கழற்றிய பழைய பெல்ட் வெடிப்பில்லாமல் இருந்தால் சீட்டுக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் அதிகம் ஓடும் மாடல் என்றால் சிறு ஊரிலும் பெல்ட் கிடைக்கும். இத்தாலிய ஸ்கூட்டர்க்காரர்கள் அதை நம்ப வேண்டாம்.

கே: கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிமானம் குறைந்தது. பிரேக் பேட் புதிதுதான். (தெம்பனிஸ் வாசகி)

பிரேக் எண்ணெயைத்தான் சந்தேகிக்க வேண்டும். டாட் 4 எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, லீவரோ பஞ்சு போல உள்ளே போகும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது கட்டாயம்.

ஓட்டும் முறையும் ஒரு காரணம். திராட்டலை முழுவதும் மூடி வேகம் நன்றாகக் குறைந்ததும் கிளட்ச் விடுபட்டுவிடும்; அதன்பின் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, பாரம் எல்லாம் பிரேக்கில்தான். இறக்கத்தில் எஞ்சின் இழுவை போய்விட்டதாகத் தோன்றினால் திராட்டலை மெல்லத் தொட்டு கிளட்ச்சைச் சேர்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து உரசிக்கொண்டே வராமல் வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து, பிறகு விட்டு ஆறவிடுங்கள். தாப்பா வழி வளைவு மிகுந்தது. பின்னால் ஆள் இருந்தால் சிம்பாங் புலாய் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

கே: பின் டயர் பஞ்சரானால் நாமே சரிசெய்ய முடியுமா? (ஜூரோங் வாசகர்)

ஓடுபகுதியில் ஆணி என்றால் முடியும். பக்கச்சுவர் கிழிந்தால் முடியாது. பல ஸ்கூட்டர்களில் பின் சக்கரத்தைக் கழற்ற சைலன்சரையும் கழற்ற வேண்டியிருப்பதால் சாலையோரத்தில் பிளக் போடுவதே வழி. ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிடுங்குங்கள். அதே சாய்வில் துளையைக் குடைந்து, பசை தடவிய இழையைச் செலுத்தி, வெளியே நீட்டியிருப்பதை வெட்டி, எச்சில் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். 16 கிராம் காற்றுக் குப்பி ஒன்று 13 அங்குலப் பின் டயரை முழுதாக நிரப்பாது. சார்ஜ் செய்யும் சிறு பம்ப் மேல். அழுத்தத்தைக் காலையில், வண்டியை எடுக்குமுன் அளங்கள். வண்டியில் ஒட்டியுள்ள டயர் அழுத்த ஸ்டிக்கரில் தனியாளுக்கும் பாரத்துக்கும் வேறு வேறு எண் இருந்தால், மூட்டை கட்டிய வண்டிக்கு இரண்டாவது எண்தான்.

கே: சீட்டுக்குப் பின்னால் டாப் பாக்ஸ் (சாமான் பெட்டி) போட்ட பிறகு 80-க்கு மேல் கைப்பிடி ஆடுகிறது. (அங் மோ கியோ வாசகர்)

பின் அச்சுக்குப் பின்னால் எடை தொங்கினால் முன் சக்கரம் லேசாகிவிடும். கனமான கருவி, பூட்டு, தண்ணீர் எல்லாம் சீட்டுக்கடியில் அல்லது கால்வைக்கும் இடத்தில். பாக்ஸில் துணி, மழைச்சட்டை போதும். ஆனால் சீட்டுக்கடியில் எஞ்சின் சூடு ஏறும். பவர்பேங்க், மாத்திரை அங்கே வேண்டாம்.

கே: செல்ஃப் எடுக்கவில்லை என்றால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

முடியாது. எஞ்சின் ஓடினால்தான் கிளட்ச் பிடிக்கும். சக்கரம் சுற்றி எஞ்சினைச் சுழற்ற வழியில்லை. இரவு நின்ற பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் குறைந்தால் சார்ஜ் செய்து மறுநாள் அளங்கள்; மறுபடி இறங்கினால் மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 காட்ட வேண்டும்.

கே: பெட்ரோல், எண்ணெய் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்? (செங்காங் வாசகர்)

மலேசியாவில் சிங்கப்பூர்ப் பதிவெண் வண்டிக்கு ரோன் 97 (ரோன் என்பது பெட்ரோலின் ஆக்டேன் எண்) மட்டுமே. மஞ்சள் கைப்பிடி ரோன் 95, அதைத் தொடாதீர்கள். 7 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 40 என்று வைத்தால் 280 கிலோமீட்டர், 180-லேயே நிரப்புங்கள். எஞ்சின் எண்ணெயில் ஜாஸோ எம்பி என்னும் ஜப்பானியத் தர முத்திரை ஸ்கூட்டருக்கானது, ஈர கிளட்ச் உள்ள பைக்கில் அதை ஊற்றக் கூடாது. கியர் எண்ணெய் தனி. 100 முதல் 150 மில்லி அளவுதான் என்பதால் பலர் மறந்தே போகிறார்கள்.

கே: வேலை அனுமதியில் இருக்கும் இந்தியக் குடிமகன். வண்டி தவணையில் உள்ளது. தாய்லாந்துக்கு என்னென்ன காகிதம்? (பூன் லே வாசகர்)

மலேசியாவுக்கு டிஜிட்டல் வருகை அட்டை. சிங்கப்பூரர்களுக்கு இல்லை, உங்களுக்கு உண்டு. தாய்லாந்தின் டிஜிட்டல் அட்டை 2025 மே 1 முதல் எல்லா வெளிநாட்டினருக்கும். இரண்டையுமே நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டாரிங் தளத்திலிருந்து வாகனப் பதிவு விவரத்தை அச்செடுங்கள். தவணை நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். தாய்லாந்தின் கட்டாயக் காப்பீட்டை எல்லைக்கு அருகிலேயே எடுக்கலாம்.

நம் காப்பீடுகளில் பெரும்பாலானவை தாய்லாந்துக்குள் எல்லையிலிருந்து 80 கி.மீ. வரைதான் செல்லும். ஹாட் யாய் அதற்குள் வரும், புக்கெட் வராது. தாய் சுங்கம் தரும் தற்காலிக இறக்குமதித் தாளைத் திரும்பும்போது ஒப்படைக்க வேண்டும், தொலைத்தால் அபராதம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழைச்சட்டையோடு சேர்க்காமல் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.