புதன்கிழமை மதியம் விசாரிக்கப்பட்ட விஷயம்

கேள்வி: ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் செல்லுமா என்று 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் முன், பத்திரிகையாளர்கள், பேராசிரியர்கள், பந்தயச் சந்தைகள் என்று எல்லோரும் ஆரூடம் சொன்னார்கள். பலருக்கு அது பலிக்கவில்லை. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? மக்கள் சட்டம் பேசுவது நல்லதுதானே?
(வாசகர், மதுரை)

பதில்: மக்கள் சட்டம் பேசினால் நல்லதுதான். அந்த மூன்று மாதமும் பெரும்பாலோர் பேசியது யார் ஜெயிப்பார் என்பதைத்தான். அந்தப் பேச்சு எதை மறைத்தது என்பதில்தான் என் கோபம்.

வழக்கு மார்ச் 26 முதல் 28 வரை மூன்று நாள் நடந்தது. செவ்வாய்க்கிழமை, எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் அபராதம் என்ற விதி விசாரணைக்கு வந்தது. அரசு வழக்கறிஞர் டொனால்ட் வெர்ரில்லி தொடக்கத்திலேயே இருமினார், தண்ணீர் குடித்தார், தடுமாறினார். காப்பீடு வாங்கச் சொல்லலாம் என்றால் புரோக்கோலி என்ற காய்கறியை வாங்கவும் சொல்லலாமா என்று நீதிபதி ஸ்காலியா கேட்டார். அவ்வளவுதான். விசாரணை முடிந்து வெளியே வந்த சிஎன்என் சட்ட விமர்சகர் ஜெஃப்ரி டூபின், அரசுக்கு இது பெரிய விபத்து என்று அறிவித்துவிட்டார். சட்டம் அடிபடும் என்பதற்கு இன்ட்ரேட் பந்தயச் சந்தையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் வாய்ப்புக் காட்டினார்கள். ஒரு வழக்கறிஞரின் இருமலில் ஒரு நாட்டின் சட்டத்துக்கு நாடி பார்த்தார்கள்! ஸ்காலியாவிடம் ஒரு காலத்தில் உதவியாளராகப் பணியாற்றிய ஜெஃப்ரி சட்டன், ரீகன் நியமித்த லாரன்ஸ் சில்பர்மேன் ஆகிய இரு பழமைவாத நீதிபதிகள் கீழ் நீதிமன்றங்களில் இதே விதி செல்லும் என்று 2011இலேயே எழுதியிருந்தார்கள். அந்தத் தீர்ப்புகளைப் படிக்கும் பொறுமை பலருக்கு இருக்கவில்லை.

ஜூன் 28 அன்று 5-4 என்ற கணக்கில் விதி பிழைத்தது. வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தின் கீழ் இது செல்லாது, வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் செல்லும் என்றார் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, விதி ரத்து என்று சிஎன்என்னும் ஃபாக்ஸும் அறிவித்தன. வெள்ளை மாளிகையில் ஒபாமாவே அந்தத் தொலைக்காட்சித் திரைகளைப் பார்த்துத் தோற்றுவிட்டோம் என்று நினைத்து நின்றார்; சட்ட ஆலோசகர் கேத்ரின் ரூம்லர் ஓடி வந்து கட்டை விரல்களை உயர்த்திய பிறகுதான் அவருக்கு உண்மை தெரிந்தது. விசாரணைக்குப் பிறகு ராபர்ட்ஸ் தம் முடிவை மாற்றிக்கொண்டார் என்று சிபிஎஸ் பின்னர் செய்தி வெளியிட்டது. அது சரியென்றால், மார்ச் மாதத்தில் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன எந்த ஆரூடத்துக்கும் மதிப்பில்லை.

இனி உங்கள் 'என்ன நஷ்டம்' என்ற கேள்விக்கு வருகிறேன். புதன்கிழமை மதியம், ஊடகங்கள் தீர்ப்பையே எழுதி முடித்துவிட்ட பிறகு, மெடிகெய்டு பற்றிய வாதம் நடந்தது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம் அது. வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள எல்லோரையும் அதில் சேர்க்க வேண்டும், மறுக்கும் மாநிலம் ஏற்கெனவே பெற்றுவரும் மெடிகெய்டு நிதியையும் இழக்க நேரிடும் என்றது சட்டம். மாநிலங்களின் தலையில் துப்பாக்கி வைப்பது இது என்றார் ராபர்ட்ஸ். 7-2 என்ற கணக்கில் நீதிமன்றம் அந்த மிரட்டலை நீக்கியது. திட்டத்தில் சேர்வது மாநிலங்களின் விருப்பம் என்றாகிவிட்டது. ஒபாமா நியமித்த நீதிபதி எலினா கேகனும் இதில் எதிர்த்தரப்போடு நின்றார். இந்தப் பகுதி இப்படி விழும் என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. கீழ் நீதிமன்றங்கள் எல்லாம் இந்த வாதத்தைத் தள்ளியிருந்தன.

இதன் விளைவைக் கிட்டே போய்ப் பாருங்கள். தனியார் காப்பீடு வாங்க அரசு தரும் உதவித்தொகை, வறுமைக்கோட்டுக்கு மேல் இருப்பவர்களுக்குத்தான். அதற்குக் கீழே உள்ளவர்களை மெடிகெய்டு பார்த்துக்கொள்ளும் என்று நம்பி அப்படி எழுதிவிட்டார்கள். திட்டத்தை விரிவுபடுத்தாத டெக்சாஸில், பிள்ளைகள் இல்லாத, உடல் ஊனம் இல்லாத நாற்பது வயதுக்காரர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் மெடிகெய்டு கிடையாது. ஏழை என்பதாலேயே உதவித்தொகையும் கிடையாது. அவரைவிடக் கொஞ்சம் அதிகம் சம்பாதிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவி உண்டு. இந்த அநியாயத்தை ஆரூடக்காரர்கள் உண்டாக்கினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது வாசலில் வந்து நின்றபோது, எல்லோர் பார்வையையும் புரோக்கோலிப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். தீர்ப்பு வந்த அன்றும் தலைப்புச் செய்தி 'ஒபாமா வெற்றி' என்பதுதான்.

சில மாநிலங்கள் தாமதமாகச் சேர்ந்தன. மிசௌரி மக்கள் 2020இல் வாக்களித்து மெடிகெய்டு விரிவாக்கத்தைக் கொண்டுவந்தார்கள். வட கரோலினாவில் 2023 டிசம்பரில்தான் கதவு திறந்தது. தீர்ப்பின் நகல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ராபர்ட்ஸ் எழுதியதன் நான்காம் பகுதியைப் படித்துவிட்டு, யாருக்கு என்ன நஷ்டம் என்று மறுபடியும் எனக்கு எழுதுங்கள்.