கேள்வி பதில்: கதைசொல்லியும் குட்டிக்கதைகளும்

கேள்வி: என் நாவலின் கதைசொல்லி பேச்சுக்குப் பேச்சு ஒரு பழைய சம்பவத்தை எடுத்துவிடுகிறான். எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது?

பதில்: சம்பவத்தை நீக்கிவிட்டுப் பின்னால் வரும் அத்தியாயங்களைப் படியுங்கள். எதுவும் குறையவில்லையென்றால் வெட்டிவிடலாம். உதாரணத்துக்கு, கதைசொல்லி அப்பாவைப் பற்றி இப்படிச் சொல்கிறான்: "கடன்காரர் வந்தால் அப்பா முதலில் தண்ணீர் கொடுப்பார். அவர் குடித்து முடிப்பதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவார்." படிப்பவர் சிரிப்பார். இருநூறு பக்கம் தள்ளி, மைத்துனன் வாசலில் வந்து நின்றதும் அதே கதைசொல்லி, "முதல்ல தண்ணி குடிங்க" என்கிறான். அவன் ஓடப்போகிறான் என்று தனியாக எழுத வேண்டியதே இல்லை.

கேள்வி: சம்பவத்தின் முடிவில் ஒரு வரி விளக்கம் வைக்கலாமா?

பதில்: "அப்பா பொறுப்பில்லாத மனுஷன்" என்று சேர்த்தால் சிரிப்பு அங்கேயே செத்துவிடும். விளக்கம் தப்பாக இருந்தால் மட்டும் வையுங்கள். "வந்தவரை தாகத்தோடு அனுப்ப அப்பாவுக்கு மனசு வராது" என்று மகன் பெருமைப்பட்டால், அவன் எதைப் பார்க்க மறுக்கிறான் என்பது வாசகருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: பிரதாப முதலியார் சரித்திரத்தில் கிளைக்கதைகள் ஏராளம். அது குறைதானே?

பதில்: 1879இல் வெளியான அந்த நாவலில் பிரதாப முதலியாரே தன் கதையைச் சொல்கிறார். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்க எழுதியதாக வேதநாயகம் பிள்ளை முன்னுரையில் சொல்கிறார். ஆகவே வேடிக்கையும் நீதியும் உள்ளே தாராளமாக நுழைகின்றன. நாயகி ஞானாம்பாளின் கதை கொஞ்சம் காத்திருக்கிறது. இன்று அதே அளவில் செய்தால் இழுவை என்பார்கள். பேச்சின் கலகலப்பை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பரபரப்பான காட்சிக்கு நடுவே பழைய சம்பவம் வரலாமா?

பதில்: வரலாம், கதைசொல்லி அந்தக் காட்சியைத் தள்ளிப்போட விரும்பினால். மருத்துவமனை அறை வாசலில் நிற்பவன் சின்ன வயதில் தொலைத்த செருப்பைப் பற்றிப் பேசுகிறான் என்றால், உள்ளே போகப் பயப்படுகிறான். திரும்பி வர "சரி, விட்ட இடத்துக்கு வருவோம்" வேண்டாம். வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துத்தான் நினைவு வந்ததென்றால், திரும்பவும் அவையே போதும்.

கேள்வி: நீளம்?

பதில்: அரைப் பக்கம். ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டினால் அதற்குள்ளேயே ஒரு திருப்பம் வேண்டும்.

கேள்வி: என் சம்பவங்கள் எல்லாமே நகைச்சுவைத் துணுக்கு மாதிரி முடிகின்றன.

பதில்: பாதிச் சம்பவங்களில் கடைசி வரியை அடித்துவிடுங்கள். ஒன்றிரண்டை முடிக்கவே விடாதீர்கள். யாராவது குறுக்கே பேசட்டும்.