விளம்பரப் பக்கங்களும் ஆசிரியர்களும்

அன்புள்ள ஐயா,

'லண்டன் ஃபிலாட்டலிஸ்ட்' என்ற தபால்தலை இதழின் ஆசிரியர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் தாத்தா தபால்தலை சேகரித்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஆல்பங்களோடு 1950களின் 'கிப்பன்ஸ் ஸ்டாம்ப் மன்த்லி' இதழ்களும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. புரட்டிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் விளம்பரமும் விலைப்பட்டியலும்தான். தபால்தலை விற்றவர்களே நடத்திய இதழ்களில் ஆசிரியருக்கு என்ன வேலை இருந்திருக்கும்? வந்த கட்டுரையை அச்சகத்துக்கு அனுப்பியவர்களுக்கு வரலாறு எதற்கு? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இதழ்களை பைண்டிங்குக்குக் கொடுக்கப் போகிறேன். விளம்பரப் பக்கங்களை எடுத்துவிட்டால் கைக்கு அடக்கமாக இருக்கும் என்கிறார் பைண்டர்.

ம., நாகர்கோவில்

அன்புள்ள ம.,

நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. 1862 டிசம்பரில் லிவர்பூலில் வெளிவந்த முதல் ஆங்கிலத் தபால்தலை இதழின் பெயரிலேயே 'மாத விளம்பர ஏடு' என்ற சொல் இருந்தது. 1863 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் 'லெ தாம்ப்ர் போஸ்த்' இதழைத் தொடங்கிய மோன்ஸ் என்பவரும் தபால்தலை வியாபாரிதான். அதற்கு மறு ஆண்டு மாண்ட்ரியலில் வட அமெரிக்காவின் முதல் தபால்தலை இதழைத் தொடங்கிய சாமுவேல் ஆலன் டெய்லர் இன்னும் மோசம். போலித் தபால்தலைகளை அச்சடித்து விற்றவர் அவர். இல்லாத அஞ்சல் சேவைகளுக்கெல்லாம் தபால்தலை வெளியிட்டார். ஒன்றில் தன் முகத்தையே போட்டுக்கொண்டார்.

ஆனால் டெய்லரையும் மோன்ஸையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தொழில் ஒன்றுதான். மோன்ஸ் இதழ் தொடங்குவதற்கு முன்பே, 1862இல், போலித் தபால்தலைகளை அடையாளம் காட்டும் சிறு நூல் ஒன்றை வெளியிட்டிருந்தார். எது அசல், எது போலி, எது எப்போது வெளிவந்தது என்று 1900ஆம் ஆண்டுவரை தன் இதழில் மாதந்தோறும் பதிவுசெய்தார். அந்தக் காலத்தில் சரிபார்க்க வேறு வழியே கிடையாது. அஞ்சல் துறைகள் எல்லாவற்றையும் அறிவிக்கவில்லை. இதழில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஒரு செய்தியை ஏற்பதா, மறுப்பதா, இன்னொரு கடிதம் வரும்வரை நிறுத்திவைப்பதா என்று முடிவு செய்தவர் ஆசிரியர். நீங்கள் கேட்ட வேலை அதுதான்.

ஆசிரியர்கள் இன்னொன்றும் செய்தார்கள். உங்கள் தாத்தாவின் ஆல்பத்தில் திருவிதாங்கூரின் சங்குத் தபால்தலை இல்லாமல் இருக்காது, நாகர்கோவில்காரர் அல்லவா! அதில் ஒன்றை மெல்ல எடுத்து, தபால்தலையின் ஓரப் பற்களை அளக்கும் அட்டையின் மேல் வையுங்கள். அட்டையில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். தபால்தலையை ஒவ்வொரு வரிசையாக நகர்த்திக்கொண்டே வந்தால், ஒரு வரிசையில் மட்டும் புள்ளிகளும் ஓரத்துத் துளைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்துவிடும். என்னிடம் உள்ள சங்கு 12 என்ற வரிசையில் அமர்கிறது. 2 சென்டிமீட்டர் நீளத்துக்குள் 12 துளைகள் என்று பொருள். உலகம் முழுக்க இன்று எல்லா விலைப்பட்டியல்களும் இந்தக் கணக்கில்தான் பேசுகின்றன. இதைக் கண்டுபிடித்தவர் லெக்ராண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர். அது வெளிவந்த இடம், 1866இல், பாரிஸ் வியாபாரி ஒருவர் நடத்திய 'லெ தாம்ப்ரோஃபில்' என்ற இதழ். ஓரப் பற்களைக் கத்தரியால் நறுக்கிவிட்டு ஆல்பத்தில் ஒட்டியவர்கள் நிறைந்திருந்த காலம் அது. பல்லை எண்ணுவதாவது என்று நினைத்திருந்தால் அந்தக் கட்டுரை குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். அதை வாங்கி அச்சிட்ட கையை நான் வணங்குகிறேன்.

வியாபார நிறுவனத்தின் இதழாகவே இருந்தும் பெயர் கெடாமல் நடத்திய ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றால் மேஜர் எட்வர்ட் எவன்ஸ். பீரங்கிப் படை அதிகாரி. 1890இல் தொடங்கிய ஸ்டான்லி கிப்பன்ஸின் மாத இதழுக்கு ஆசிரியராக இருந்தார். உங்கள் தாத்தாவின் 'மன்த்லி'யும் அதே நிறுவனத்தின் பிற்கால இதழ்தான்.

என் கட்டுரையில் அதிக இடம் பெற்றவர் காசில் என்பவர். அவரைப் பற்றித்தான் உங்களுக்குச் சந்தேகம் என்று நினைக்கிறேன். 'லண்டன் ஃபிலாட்டலிஸ்ட்' 1892 ஜனவரியில் வந்தது. அது வியாபாரியின் இதழ் அல்ல, லண்டன் தபால்தலைச் சங்கத்தின் இதழ். 1917இல் இறக்கும்வரை காசில்தான் ஆசிரியர். அவரே பெரிய சேகரிப்பாளர். தன் ஆஸ்திரேலியத் தொகுப்பை 1894இல் 10,000 பவுண்டுக்கு விற்றவர். அப்படிப்பட்டவர் இருபத்தைந்து ஆண்டுகள் மற்றவர்களின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காலத்துப் பெரிய தலைவலி சீபெக் என்பவர். நியூயார்க்கில் ஹாமில்டன் அச்சு நிறுவனத்தை வைத்துக்கொண்டு நிகராகுவா, ஹோண்டுராஸ், எல் சால்வடார், ஈக்வடார் அரசுகளோடு ஒப்பந்தம் போட்டார். ஆண்டுதோறும் புதுத் தபால்தலைகளை இலவசமாக அச்சடித்துத் தருவார். ஆண்டு முடிந்ததும் மீதமிருப்பவை அவருக்கு. அவற்றைச் சேகரிப்பாளர்களுக்கு விற்றுக்கொள்வார். கடிதத்தில் ஒட்டுவதற்காக அல்லாமல் ஆல்பத்தில் ஒட்டுவதற்காகவே அச்சிடப்பட்ட தபால்தலைகள்! இந்த வகை வெளியீடுகளை எதிர்க்க 1895 மே மாதம் லண்டனில் ஒரு தனி அமைப்பே உருவானது. இன்னின்ன வெளியீடுகளை வாங்காதீர்கள் என்று பட்டியல் போட்டார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த அமைப்பு அடங்கிவிட்டது. வாங்க ஆள் இருக்கும்போது வியாபாரிகளை எத்தனை நாள் தடுக்க முடியும்? தோற்றுப்போன முயற்சிதான். இருந்தாலும், காசிலின் இதழைப் போல விற்பனைக்குப் பொருள் வைத்திருக்காத ஓர் இதழ் அந்த நேரத்தில் இருந்தது எவ்வளவு பெரிய பலம் என்று யோசித்துப் பாருங்கள்.

மோன்ஸின் இதழ் அவரோடு நின்றுபோனது. 'லண்டன் ஃபிலாட்டலிஸ்ட்' காசிலுக்குப் பிறகும் கைமாறிக் கைமாறி இன்றும் வருகிறது. 1908இல் தொடங்கிய 'தி ஸ்டாம்ப் லவர்' இதழுக்கும் அப்படி ஒரு சங்கம் பின்னால் உண்டு. அதற்கு ஆசிரியராக இருந்த ஃபிரெட் மெல்வில் சிறுவனாக இருந்தபோது, வயது போதாது என்று லண்டன் சங்கம் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. 1899இல் இளையோருக்கென்று தானே ஒரு சங்கம் தொடங்கிவிட்டார். அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இப்போது அவசரமான விஷயம். பைண்டரைத் தடுத்து நிறுத்துங்கள். ஒரு பக்கத்தையும் எடுக்க விடாதீர்கள், மேல் அட்டையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பழைய தொகுதிகளில் நான் அதிகம் தேடிக் கிடைக்காமல் போனவை விளம்பரப் பக்கங்கள்தான். எந்த மாதம் எந்தத் தபால்தலை என்ன விலைக்குப் போனது, யார் விற்றார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஆசிரியர் யாரிடமிருந்து விலகி நிற்க வேண்டியிருந்தது என்பதும் அங்கேதான் தெரியும். தொகுதி தடிமனாகிவிட்டால் ஆண்டுக்கு இரண்டாகப் பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள். ஓரத்தை வெட்டிச் சமன்செய்யவும் வேண்டாம். தாத்தா ஓரத்தில் பென்சிலால் ஏதாவது குறித்து வைத்திருக்கக்கூடும்.