பிசியோதெரபிஸ்டிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது?

கேள்வி: எனக்கு வயது 39. முதுகில் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்ததால், அண்ணா நகரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து பயிற்சி கொடுக்கிறார். திறமையானவர்தான். ஆனால், கீழ்த்தளத்து அம்மாவுக்கு என்னென்ன உபாதைகள் என்பதையெல்லாம் என்னிடம் சொல்கிறார். அதனால், நான் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவதையும், இரண்டாவது பிரசவத்திலிருந்து இருமினால் சிறுநீர் கசிவதையும் அவரிடம் சொல்லவில்லை. மாத்திரை விஷயம் என் கணவருக்கும் தெரியாது. மறைப்பது தவறா? பயிற்சியை அவர் தம் கைபேசியில் வீடியோ எடுப்பதும் உறுத்துகிறது.
– வாசகி, சென்னை

பதில்: உங்கள் தயக்கம் முற்றிலும் நியாயமானது. அடுத்தவர் உடம்பைப் பற்றி உங்களிடம் பேசுகிறவர் உங்கள் உடம்பைப் பற்றி இன்னொருவரிடம் பேசமாட்டார் என்று நம்புவதற்கு இடமில்லை. ஆனாலும், நீங்கள் மறைத்திருக்கும் இரண்டு செய்திகளும் உங்கள் சிகிச்சையோடு நேரடியாகத் தொடர்புடையவை என்பதால், மறைப்பதை விட, அவர் வெளியே சொல்லாதபடி பார்த்துக்கொள்வதே சரியான வழி.

முதலில் சிறுநீர்க் கசிவு. பிரசவத்துக்குப் பின் இருமும்போதும் தும்மும்போதும் கசிவது மிகப் பல பெண்களுக்கு இருப்பதுதான். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் தளர்வதால் வருவது. பயிற்சியால் பெரும்பாலும் குறையக்கூடியது. இது தெரியாத பிசியோதெரபிஸ்ட் மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கும் பயிற்சிகளைக் கொடுத்தால் கசிவு கூடலாம். இதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. டிஸ்க் பிரச்சினை உள்ள ஒருவருக்குப் புதிதாகச் சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் கழிக்கவே முடியாமல் போனாலோ, உட்காரும் இடத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் பலவீனமானாலோ, தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று பொருள் கொள்ள வேண்டியிருக்கும். அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். வாரத்தில் சில நாட்கள் உங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்டே இந்த மாற்றத்தை முதலில் கவனிக்கக்கூடியவர். பழைய கசிவு எது, புதியது எது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து மாத்திரை. மனச்சோர்வு மருந்துகளில் சில, சட்டென்று எழும்போது தலைசுற்றலை உண்டாக்கும். நின்றுகொண்டு செய்யும் சமநிலைப் பயிற்சிகளில் அது விழுவதற்குக் காரணமாகலாம். செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகளோடு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சேரும்போது வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் கூடுகிறது. ஆகவே, முதுகுவலிக்கு மருந்து எழுதிய மருத்துவரிடம் இதை அவசியம் சொல்லுங்கள். வலி மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். பிசியோதெரபிஸ்டுக்கு மருந்தின் பெயரும் தலைசுற்றல் உண்டா இல்லையா என்பதும் போதும். மனச்சோர்வு எதனால் வந்தது என்ற குடும்பக் கதை அவருக்குத் தேவையில்லை. சிகிச்சைக்கு வேண்டிய அளவு மட்டும் சொல்வது மறைப்பதாகாது.

உங்கள் இரகசியத்தைக் காக்க அவர் கட்டுப்பட்டவரா என்றால், கட்டுப்பட்டவரே. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தது. அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், மனநலச் சிகிச்சை பற்றிய தகவல்களை இரகசியமாகக் காக்கும் கடமையைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவப் பணியாளர்கள் மீது வைக்கிறது. மருத்துவர்களுக்கு 2002ஆம் ஆண்டின் ஒழுக்க விதிமுறைகள் உள்ளன. பிசியோதெரபி உள்ளிட்ட இணை மருத்துவத் தொழில்களை முறைப்படுத்த 2021இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. நீதிமன்ற ஆணை, இன்னொருவர் உயிருக்கு ஆபத்து, குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொற்றுநோய் போன்ற சில நிலைகளில் மட்டுமே இந்த இரகசியம் தளரும். பக்கத்து வீட்டு நலம் விசாரிப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

கணவரும் அப்படியே. கட்டணத்தை அவர் கொடுக்கிறார் என்பதற்காக உங்கள் சிகிச்சை விவரம் அவருக்கு உரியதாகிவிடாது. மாத்திரை பற்றி அவரிடம் சொல்வது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சொல்வதா, எப்போது சொல்வது என்பது உங்கள் முடிவு, பிசியோதெரபிஸ்டின் முடிவல்ல. நிறுவனத்தின் காப்பீட்டில் கணவர் பெயரில் உரிமைகோரல் போகிறதென்றால், எந்தக் காகிதத்தில் எந்த நோயின் பெயர் எழுதப்படுகிறது என்பதைக் கையெழுத்திடும் முன் படித்துப் பாருங்கள்.

அடுத்த முறை அவர் வரும்போது, பயிற்சி தொடங்கும் முன்பே, கதவைச் சாத்தி, வேலை செய்யும் அம்மாவும் அருகில் இல்லாத நேரத்தில், இப்படிச் சொல்லலாம்: "சார், கீழ்வீட்டு அம்மாவைப் பற்றி என்னிடம் சொல்ல வேண்டாம். என்னைப் பற்றியும் யாரிடமும் சொல்லக் கூடாது. என்னை அனுப்பிய டாக்டரிடம் பேசுவதென்றால், என்னிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள்." பலர் இதைக் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பேச்சுத்துணையாக நினைத்துச் செய்கிறார்கள். ஆயினும், அந்த அம்மாவுக்கு ஏற்படும் காயம் அதனால் குறைந்துவிடாது.

வீடியோ எதற்கு என்று கேளுங்கள். நிற்கும் நிலையைச் சரிபார்க்க என்றால், உங்கள் கைபேசியிலேயே எடுக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். முகம் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஏற்கெனவே எடுத்தவற்றை உங்கள் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள். விளம்பரத்துக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ அவற்றை அனுப்புவது உங்கள் வெளிப்படையான சம்மதமின்றிச் செய்யக் கூடாதது.

இதற்கு அவர் முகம் சுளித்தால், அல்லது சிரித்து மழுப்பினால், ஆளை மாற்றிவிடுங்கள். கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்திலும், பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) பிரிவு இருக்கிறது. பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை. கசிவுக்கான பயிற்சிக்கு அது உங்களுக்கு இன்னும் எளிதாக இருக்கும். மாறும்போது, இதுவரை செய்த பயிற்சிகளை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, எம்.ஆர்.ஐ. படங்களையும் இரண்டு மருந்துச் சீட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.